7. எலப்புள்ளிக் காற்றும் பொன்னானிப் புலிமுட்டும்

பாலக்காடு பக்கத்து எலப்புள்ளிக்காரருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் வாளையார்ப் பக்கமிருந்து அது கிளம்பிவிடும். முதலில் கரும்பனை ஓலைகள் உரசி இரையும். பிறகு கொடியில் காயும் வேட்டி எகிறும். மார்கழியில் கொக்கி போடாத ஜன்னல் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே கிடக்கும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள், கிழக்கன் காற்று என்றும் சொல்வார்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வாசல். கோயம்புத்தூர்ப் பக்கம் பரந்து வரும் காற்று அந்த வாசலுக்குள் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் பிடிக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதற்கும் இந்த வாசல்தான் காரணம்.

அந்தக் காற்று நம் ஊரோடு நிற்பதில்லை. ஒற்றப்பாலம், பட்டாம்பி என்று பாரதப்புழை போகிற வழியிலேயே மேற்கே போய், பொன்னானியில் கடலில் இறங்குகிறது. நம் பக்கத்துக் கோரையாற்றுத் தண்ணீரும் கல்பாத்திப்புழையில் விழுந்து, பறளியில் பெரிய ஆற்றோடு கலந்து, அதே பொன்னானி அழிமுகத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. தூண்டிலை எடுத்துக்கொண்டு பொன்னானிக்குப் போகும் எலப்புள்ளிக்காரர் தன் ஊர்க் காற்றும் தன் ஊர்த் தண்ணீரும் கடலைத் தொடும் இடத்தில் நிற்கிறார். காலையில் முற்றத்தில் நின்று பார்த்த காற்று, மூன்று மணி நேரம் கழித்து அங்கே நம் தங்கூசி நரம்பை என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் பற்றியது.

கடல்பாலமா, புலிமுட்டா?

முதலில் எங்கே ஏறுவது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். கேரளக் கரையில் கடல்பாலம் என்ற பெயரில் பழைய துறைமுகப் பாலங்கள் பல இருந்தன. ஆலப்புழையில் 1862இல் கட்டியது, தலச்சேரியில் 1910இல் கட்டியது, கோழிக்கோட்டில் இரண்டு. இன்றைக்கு இவை பெரும்பாலும் துருப்பிடித்த தூண்கள். திருவனந்தபுரம் வலியதுறையில் இருந்த இரும்புப் பாலத்தில் 1947 நவம்பரில் ‘பண்டிட்’ என்ற கப்பல் மோதியதில் பாலம் உடைந்தது. அதற்குப் பதிலாக 1956இல் கான்கிரீட்டில் ஒன்று கட்டினார்கள். அதுவும் 2021 மே மாதக் கடலேற்றத்தில் சரிந்தது. பழைய கடல்பாலம் எதன் மேலும் தூண்டில் போட ஏறாதீர்கள். காற்றில்லாத நாளிலும் வேண்டாம். உப்பு தின்ற கம்பி வெளியே தெரியாது. உள்ளே அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இன்று நமக்குக் கிடைப்பது புலிமுட்டு. அழிமுகத்தில் மணல் மூடாமல் இருக்கவும், படகு ஒதுங்கவும், கடலுக்குள் நீளவாக்கில் கருங்கல்லைக் கொட்டிக் கட்டும் அணை. பொன்னானியில் புழையின் தென்கரையில் ஊரும் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. வடகரை படிஞ்ஞாறேக்கர. அந்தப் பக்கம் திரூர்ப்புழையும் வந்து சேர்கிறது. பாலக்காடு ஜங்ஷனில் ரயிலேறிக் குற்றிப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து பஸ் உண்டு. ஷொர்ணூர் தாண்டியதும் ரயில் புழையை ஒட்டியே போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆற்று மணலில் வளர்ந்திருக்கும் நாணல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். பட்டாம்பியில் ஒரு பக்கமும் குற்றிப்புரத்தில் வேறு பக்கமும் சாய்ந்திருந்தால், கரைக்காற்றும் கடல்காற்றும் நடுவழியில் முட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அன்றைக்குக் கடற்கரையில் காற்று சீக்கிரமே திசை மாறும்.

திசை முதலில், வேகம் பிறகு

காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் கிழக்குக் காற்றில் நான் நிம்மதியாக மீன் பிடித்திருக்கிறேன். அதே இருபத்தைந்து மேற்கிலிருந்து வந்தால் புலிமுட்டின் கடல் பக்கத்தில் கால் வைக்க மாட்டேன்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கிழக்கன் காலம். பொன்னானியில் இது கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று, நம் முதுகில் அடிக்கும். எறிந்த ஈயக்குண்டை இதுவே தூக்கிக்கொண்டு போய்ப் போடும். வழக்கமாக ஐம்பது மீட்டர் எறிகிறவர் அன்றைக்கு எழுபது எறிவார். அலையின் தலையைக் காற்று பின்னுக்குத் தள்ளுவதால் கரையோரம் கடல் தட்டையாகக் கிடக்கும். தண்ணீர் தெளியும். அதில்தான் சிக்கல். தெளிந்த தண்ணீரில் பெரிய மீன் கரையை நெருங்கப் பயப்படும். நரம்பு அதன் கண்ணில் பட்டுவிடும். ஆகவே கிழக்கன் நாளில் விடியலுக்கு முன்பே கல்லில் இருக்க வேண்டும், அல்லது அந்தி மயங்கும்போது. வெயில் ஏறிய பிறகு கிழங்கானும் மடவையும் கிடைக்கும். பாறை மீனும் கொடுவாவும் கிடைப்பது அரிது.

கிழக்கனில் இன்னொரு ஆபத்து உண்டு. தண்ணீரில் விழுந்த தொப்பியோ மிதவையோ மனிதனோ, எதுவானாலும் வெளிக்கடலுக்குத்தான் போகும். காற்று ஊதி விளையாடும் பந்து, குழந்தைகள் இடுப்பில் மாட்டும் ரப்பர் டியூப் இவற்றை அன்றைக்குக் கடற்கரைக்கே கொண்டுபோகக் கூடாது. கடல் அமைதியாகத் தெரிவதால் பெற்றோர் அசந்துவிடுகிறார்கள்.

மார்ச் முதல் மே வரை காற்று நாளுக்கு இரண்டு முறை மாறும். விடியலில் கரையிலிருந்து மெல்ல வரும். ஒன்பது, பத்து மணிக்கு நின்று, புழுங்கும். பிறகு கடலிலிருந்து, பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, ஏறத் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு முகத்தில் உப்பு தெறிக்கும். இந்த மாதங்களில் காற்றோடு மல்லுக்கட்டுகிறவர் தாமதமாகப் போனவர். விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லில் நின்று பத்து மணிக்கு மூட்டை கட்டினால், பாதிப் பிரச்சினை அங்கே கிடையாது.

ஜூன் பிறந்தால் நம் வாசல் வழியாகவே காற்று எதிர்த்திசையில் ஓடும். கடலில் கிளம்பும் மேற்குக் காற்று பொன்னானி வழியாக எலப்புள்ளிக்கு வந்து, வாளையார் தாண்டிப் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் வரை போகும். பனை ஓலை கிழக்கே சாய்ந்து கிடக்கிற அந்த மாதங்களில் புலிமுட்டுக்குப் போகவே வேண்டாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் எங்கள் மீன்பிடிக் குழுவில் தூண்டிலுக்கு எண்ணெய் போடும் மாதங்கள். கை சும்மா இருக்க முடியாதவர்கள் புழையில் உள்ளே தள்ளி, அலை எட்டாத கரையில் உட்காரலாம். கலங்கல் தண்ணீரில் கெளுத்தி நன்றாக எடுக்கும்.

காற்றே இல்லாத நாளின் பயம்

காற்று அத்தியாயத்தில் இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் கேரளக் கரையில் தூண்டில் போடுகிறவர்கள் காற்றை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுவது இங்கேதான்.

உள்ளூரில் இலை அசையாத நாளில், வானம் கண்ணாடி போல இருக்கையில், கடல் திடீரென்று பெருகிக் கரையேறும். மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல், திருடனைப் போல வருவதால். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயல் எழுப்பிய நீளமான அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். மீனவர் வாயில் பிறந்த இந்தச் சொல்லையே 2012இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் வீடுகளுக்குள் கடல் புகுந்தது இதனால்தான்.

கள்ளக்கடலின் அடையாளம் அலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. காற்று எழுப்பும் அலை ஐந்து, ஆறு நொடிக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல் வரும். தொலைவிலிருந்து வரும் அலை பதினைந்து நொடி, அதற்கு மேலும் இடைவெளி விட்டு, நீண்ட முதுகோடு வரும். ஆழத்தில் பார்த்தால் அலை என்றே தெரியாது. கல்லைத் தொடும்போதுதான் எழும்பும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். காற்றில்லாத நாளில் இடைவெளி பதினைந்தைத் தாண்டினால் தூண்டிலை விரிக்காதீர்கள்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை முன்னறிவிப்பை நாள்தோறும் தருகிறது. கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். கடலில் பிறந்து வளர்ந்தவர்களையே போகாதே என்று சொல்லும் நாளில், நெல்வயல் ஊர்க்காரர்களான நமக்கு அங்கே வேலையில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் கன்னியாகுமரியிலும் தெற்குக் கேரளத்திலும் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

எங்கே நிற்பது

புலிமுட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று கடல் பக்கம், மற்றொன்று புழைப் பக்கம். புதிதாக வருகிறவர்கள் நேராக நுனிக்கு நடக்கிறார்கள். தூரத்தில் மீன் இருக்கும் என்ற எண்ணம். காற்று நாளில் நுனி மூன்று திசையிலும் திறந்து கிடக்கும் இடம். நான் நுனியிலிருந்து கணிசமாக உள்ளே தள்ளி, காற்று படாத சரிவில், கல் முதுகுக்கு அணை கொடுக்கும் இடத்தைத் தேடுவேன். வடமேற்குக் காற்றில் அது ஒரு பக்கம், தென்மேற்கில் மறுபக்கம். ஒரு கைப்பிடி உலர்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். மணல் நேராகக் கீழே விழும் இடம்தான் உங்கள் இடம்.

நமக்கு ஒதுக்குப்புறம் தேவைப்படுவது போலவே சிறு மீனுக்கும் தேவைப்படுகிறது. மடவைக் குஞ்சும் இறாலும் அலை அடிக்காத கல்லிடுக்கில் கூடும். அவற்றைத் தேடிக் கொடுவாவும் செம்பல்லியும் கல்லோடு ஒட்டியே நீந்தும். உங்கள் காலடியிலிருந்து பத்து மீட்டருக்குள் மீன் இருக்கும்போது எழுபது மீட்டர் எறிவது வீண்.

மிதமான மேற்குக் காற்று இரண்டு நாள் தொடர்ந்து அடித்து, மூன்றாம் நாள் தணியும் காலையை நான் தவறவிட்டதில்லை. அலை கல்லைப் புரட்டி, புழுவையும் நண்டையும் இறாலையும் கிளப்பி விட்டிருக்கும். தண்ணீர் இளம்பச்சையாக, நுரைத்த மோர் போல இருக்கும். நுரை ஒரு கோடாக நீண்டு, அதற்கு அப்பால் தெளிந்த தண்ணீர் தொடங்கும். அந்த விளிம்பில்தான் பாறை மீன் சுற்றும். பொன்னானியில் அதை வற்ற என்பார்கள். கொடுவாவுக்கு அங்கே காளாஞ்சி, மடவைக்குக் கணம்பு, கிழங்கானுக்குப் பூழான், சீலாவுக்குச் சீலாவு. இரை வாங்கும்போதும், பக்கத்தில் நிற்பவரிடம் என்ன கிடைக்கிறது என்று கேட்கும்போதும் இந்தப் பெயர்கள் வேண்டியிருக்கும்.

ஏற்றமும் வற்றமும் பார்க்க வேண்டும். பொன்னானியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவே வித்தியாசம், ஆனாலும் அழிமுகத்தில் ஓட்டம் பலமாக இருக்கும். வற்றத்தின்போது புழை வெளியே ஓட, மேற்குக் காற்று உள்ளே தள்ள, இரண்டும் மோதும் இடத்தில் அலை நின்ற நிலையில் செங்குத்தாகக் குதிக்கும். திரும்பி வரும் வள்ளங்களுக்கு மிக மோசமான நேரம் அது. அப்போது வள்ளம் வரும் வழியின் குறுக்கே ஈயக்குண்டு எறிவது பெரும் தவறு. வண்டியோட்டிக்குக் குறுக்கே கம்பி கட்டுவதற்குச் சமம் அது. படகு கண்ணில் பட்டதும் நரம்பைச் சுற்றி எடுத்துவிடுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

காற்று நாளுக்கென்று புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இருப்பதை மாற்றிக் கட்டினால் போதும். பத்தடிக் கம்பை விட எட்டரை, ஒன்பதடிக் கம்பு நல்லது. நீளக் கம்பைக் காற்றே பிடித்து ஆட்டும்.

நரம்பில்தான் யோசனை வேண்டும். பின்னல் நரம்பான பிரெய்டு மெலிது, காற்று அதை அதிகம் தள்ளாது. ஆனால் லேசானதால் சுருள் விழுந்து முடிச்சாகும். தங்கூசி கொஞ்சம் தடிமன், காற்றில் வில் போல வளையும், ஆனால் முடிச்சு குறைவு. முதுகுக் காற்றில் பிரெய்டு, பக்கக் காற்றில் புதியவர்களுக்குத் தங்கூசி என்பது என் வழக்கம். பிரெய்டு போடுகிறவர்கள் இரண்டு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ரீலில் விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விடுவது ஒன்று. எறிந்த பிறகு வளையக் கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை விரலால் இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குவது மற்றொன்று. கைப்பிடியைச் சுழற்றியே மூடினால் முதல் சுற்றிலேயே தளர்ந்த வளையம் விழும். அடுத்த எறியில் அது கொத்தாகக் கிளம்பி, கம்பின் கண்ணில் மாட்டி, ஈயக்குண்டு பட்டென்று அறுந்து போகும்.

அமைதியான நாளில் முப்பது கிராம் ஈயக்குண்டு போதும். காற்று நாளில் அறுபது, எண்பது. உருண்டை வேண்டாம், மணலில் உருண்டு போய்க் கல்லிடுக்கில் சிக்கும். பறக்க நீளவாட்டுக் குண்டு, ஓரிடத்தில் நிற்கக் கூம்பு வடிவம். புலிமுட்டில் ஈயம் சிக்குவது தவிர்க்க முடியாது. அதனால் முக்கிய நரம்பில் நேராகக் கட்டாமல், அதைவிடப் பலம் குறைந்த ஒரு சாண் நரம்பில் தொங்கவிடுங்கள். சிக்கினால் அந்தச் சாண் மட்டும் அறும், கொக்கியும் மீனும் மிஞ்சும். ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் போட்ட பழைய ஸ்பார்க் பிளக்கை ஈயத்துக்குப் பதிலாக வாங்கிவந்து கட்டுகிறவர்கள் உண்டு. நல்ல யோசனை. காசும் மிச்சம், கடலில் ஈயமும் குறையும்.

மத்தித் துண்டு மென்மையானது. பலமாக எறிந்தால் கொக்கி ஒரு பக்கமும் இரை ஒரு பக்கமும் பறக்கும். முதல்நாள் ராத்திரி மத்தியை நீளவாக்கில் அரிந்து, கல்லுப்பு தூவி, தாளில் சுற்றி வைத்தால், தண்ணீர் வடிந்து தோல் இறுகியிருக்கும். அதைக் கொக்கியில் மாட்டித் தையல் நூலால் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். முடிச்சுக்கூட வேண்டாம், ஈரத்தில் நூலே ஒட்டிக்கொள்ளும். செயற்கை இரை போடுகிறவர்கள் காற்று நாளில் லேசான பிளாஸ்டிக் மீனைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, முப்பது நாற்பது கிராம் உலோகத் தகட்டை எடுங்கள்.

எறிதல்: வயலில் பழகுங்கள்

இதில் எலப்புள்ளிக்காரர்களுக்கு ஒரு கொடை உண்டு. மகரக் கொய்த்து முடிந்து வயல் காலியாகக் கிடக்கும் நேரமும் கிழக்கன் பலமாக அடிக்கும் நேரமும் ஒன்றே. கொக்கி இல்லாமல், ஈயக்குண்டை மட்டும் கட்டிக்கொண்டு வயலில் இறங்குங்கள். மேலே மின்கம்பி போகாத வயலாக இருக்க வேண்டும். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். இது விளையாட்டில்லை. ஆடு மேய்க்கிறவர்களையும் தூரமாக அனுப்பிவிடுங்கள்.

முதலில் காற்றுக்கு முதுகு காட்டி எறியுங்கள். குண்டு உயரப் போக வேண்டும், காற்று தூக்கிக்கொள்ளும். பிறகு திரும்பி, காற்றை முகத்தில் வாங்கி எறியுங்கள். இப்போது உயரம் போனால் தோற்றீர்கள். குண்டு மேலே நின்று, நரம்பு பந்தாகி, காலடியில் விழும். கம்பை முன்னால் கொண்டுவரும்போது விரலைச் சற்றே தாமதித்து விடுங்கள். குண்டு வரப்புக்கு ஒரு ஆள் உயரத்தில், தாழப் பறந்து போகும். தூரம் குறைந்தாலும் நேராகப் போகும். மூன்றாவது, பக்கக் காற்று. இதுதான் கஷ்டம். காற்று வரும் பக்கமாகச் சற்று ஒதுக்கி எறிந்து, வளைந்து வந்து நினைத்த இடத்தில் விழும்படி பழக வேண்டும். குண்டு தரையைத் தொடும் நொடியில் ரீல் விளிம்பில் விரலை வைத்து நரம்பை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் குண்டு விழுந்த பிறகும் காற்று நரம்பை உருவிக்கொண்டே இருக்கும்.

அறுத்த தாள் நிற்கும் வயலில் மூன்று சாயங்காலம் இப்படிப் பழகிய ஒரு பையன், முதல் தடவை பொன்னானிக்கு வந்தபோது, இரண்டு வருடமாக வருகிறவர்களை விடச் சுத்தமாக எறிந்ததைப் பார்த்தேன்.

காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. ஓங்கி அடிக்கும், மூச்சு வாங்கும், மறுபடி ஓங்கும். கடலில் அதைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீரின் மேல் கருத்த, சிலிர்த்த திட்டு ஒன்று உங்களை நோக்கி ஓடிவரும். அது கடந்து போகட்டும், பின்னால் வரும் இடைவெளியில் எறியுங்கள். பொன்னானியில் ஒரு ஜனவரிக் காலை, என் பக்கத்தில் ஒரு வயதான இக்கா உட்கார்ந்திருந்தார். கம்பு கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசி மட்டும். நான் காற்றோடு மல்லுக்கட்டி ஆறு முறை எறிவதற்குள் அவர் ஒரு முறை எறிந்தார். ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிக் கிழக்கே பார்த்து, துறைமுகத்துப் படகுக் கொடிகள் தொங்கும்வரை காத்திருந்தார். கொடி தொங்கியதும் கையைச் சுழற்றி விட்டார். “காற்று போயிட்டு வரும், நாம இங்கதானே இருக்கோம்” என்று மலையாளத்தில் சொன்னார். ஒன்பது மணிக்கு அவர் பையில் நான்கு கணம்பும் ஒரு கை நீளச் செம்பல்லியும் இருந்தன. அன்றிலிருந்து நானும் கொடியைப் பார்க்கிறேன்.

கடி தெரிவது எப்படி

காற்றில் கம்பின் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். மணி கட்டினால் அது ஓயாமல் கிணுகிணுக்கும், பயனில்லை. எறிந்ததும் கம்பைத் தாழ்த்தி, நுனி கிட்டத்தட்டக் கல்லைத் தொடும்படி பிடியுங்கள். தண்ணீருக்கு மேலே தெரியும் நரம்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காற்றின் பிடி குறையும். ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். காற்றின் அதிர்வு தம்புரா போல ஒரே சுருதியில் இருக்கும். மடவையின் கடி அதில் ஒரு சின்னத் தட்டு. பாறை கடித்தால் விரலைக் கேட்டுக்கொண்டிருக்காது, கம்பையே இழுக்கும். கம்பைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அப்படிப் போயே தீருவதென்றால் கைப்பிடியைக் கயிற்றால் கல்லோடு கட்டிவிட்டுப் போங்கள்.

கெளுத்தி மாட்டினால் அவசரப்படக் கூடாது. முதுகிலும் இரு பக்கமும் முள் உண்டு, விஷமுள்ளது. காற்றில் ஊசலாடும் மீனைக் கையால் பிடிக்கும்போதுதான் குத்து விழுகிறது. தரையில் இறக்கி, துணியால் அமுக்கி, குறட்டால் கொக்கியைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரைமணிக்குக் குறையாமல் வைத்தால் வலி தணியும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேத்தை மீன் விஷம், கழற்றிக் கடலில் விட்டுவிடுங்கள். சமைத்தாலும் அந்த விஷம் போகாது. கைக்கு அடங்கும் குஞ்சுகளையும் விட்டுவிடுங்கள்.

கல்லும் பாசியும்

நான் ஒரு தடவை விழுந்திருக்கிறேன். மார்ச் மாதம், பிற்பகல், வடமேற்குக் காற்று ஏறிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம் கடந்து வெகு நேரம் ஆகியிருந்தது. ஈயக்குண்டு சிக்கியது. அதை விடுவிக்க ஒரு கல் கீழே இறங்கினேன். பச்சைப் பாசியைத் தாண்டிக் கால் வைத்தேன். அதற்குக் கீழே இருந்த கருப்புக் கல் உலர்ந்த கல் இல்லை, கருப்புப் பாசி. முட்டியில் ஆறு தையல். இருபது ரூபாய் ஈயத்துக்காக. கூட வந்தவர் கையைப் பிடித்திருக்காவிட்டால் அடுத்த அலை என்னை எடுத்திருக்கும். அன்றைக்குப் பிறகு சிக்கிய ஈயத்துக்காக ஒரு கல்கூட இறங்கியதில்லை. அறுத்துவிட்டு வருவேன்.

வந்து சேர்ந்ததும் தூண்டிலை எடுக்காமல் இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, நேரம் விட்டு வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கடல் அமைதி என்று முடிவு கட்டினால் அந்தக் கூட்டத்தைப் பார்க்காமலே இறங்கிவிடுவீர்கள். கல்லில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதற்கு மேலே இரண்டு கல் தள்ளி நில்லுங்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் போடுங்கள். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். இருபது மீட்டர் நைலான் கயிற்றில், மூடி இறுக்கிய காலி பத்து லிட்டர் கேனைக் கட்டி எப்போதும் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். விழுந்தவரைப் பிடிக்கக் குதிக்காமல் கேனை எறியுங்கள். விழுந்தவர் நீங்களானால் உடனே கல்லில் ஏற முயலாதீர்கள், அலை கல்லோடு அரைத்துவிடும். கல்லை விட்டு விலகி நீந்தி, மிதந்து, பெரிய அலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, கேனையோ கயிற்றையோ பிடியுங்கள். கடலோரப் போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554. போனில் இப்போதே பதிந்துவையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழையிலும் இடி உண்டு. கேரளத்தில் பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை இடிமின்னலுக்கு எச்சரிக்கை விடுவது வழக்கம். வெட்டவெளியில், தண்ணீருக்கு நடுவே, கையில் ஒன்பதடிக் கார்பன் கம்பு. முதல் முழக்கம் கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். ஒரு பக்கமாகச் சீராக அடித்த காற்று சட்டென்று நின்று, குளிர்ந்து, எதிர்த்திசையிலிருந்து வந்தாலும் அதே முடிவுதான்.

வேகத்துக்கும் ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். புழுதியும் தாளும் பறந்து, சின்னக் கிளைகள் ஆடுவது மணிக்கு இருபது முதல் இருபத்தெட்டு கிலோமீட்டர் வரை. கிழக்கன் என்றால் போகலாம், மேற்கு என்றால் புழைப் பக்கம் மட்டும். சின்ன மரம் முழுதாக ஆடினால் முப்பதைத் தாண்டிவிட்டது. எந்தத் திசையானாலும் அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

திரும்பி வந்த பிறகு

காற்று நாளில் உப்புத் துளி ரீலின் உள்ளே வரை போகும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ரீலின் இழுவைத் திருகை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். குழாயின் வேகத்தில் பிடித்தால் உப்பை உள்ளே தள்ளிவிடும். கம்பின் வளையங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு திருகைத் தளர்த்தி, நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் அது கிழக்கு வராந்தா. கார்த்திகையிலிருந்து தை வரை அங்கே எதுவும் அரை மணியில் காய்ந்துவிடும்.

காயும் நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: கிளம்பும்போது பனை ஓலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, பொன்னானியில் கொடி எந்தப் பக்கம் பறந்தது, எத்தனை மணிக்கு மாறியது. மீனின் பெயரும் எண்ணிக்கையும் நான்காவது வரி. ஒரு வருடம் எழுதினால், அடுத்த மார்கழியில் விடியலுக்கு வெகு முன்பே ஓலைச் சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்டு, எழுந்து கிளம்பலாமா, புரண்டு படுக்கலாமா என்று சொல்லிவிடுவீர்கள்.